முந்நூற்றுத் தொண்ணூறு

"மறுபடி இருநூறு கீழே போய்விட்டாய், பூன்சாமி"
என்பார் வெலாயூதோம், ரீயூனியனிலிருந்து.
சாட்ஸ்வொர்த்தில் காலை வெயில்
டிஷ்ஷின் மூக்கைச் சுட்டால் போதும்.
உள்ளே இருக்கும் கிரிஸ்டல் பத்து ரேண்ட் பெறாது.
அது ஒரு ஹெர்ட்ஸ் நழுவினால்
என் காதில் அது முந்நூற்றுத் தொண்ணூறு.
கேட்பது நழுவினால் பேசுவதும் நழுவும்.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
டர்பன் கடற்கரைக் கட்டடங்களில்
கூண்டு தளத்தோடு ஒரு விரற்கடை பிசகி நின்றால்
யாரோ பால் பாக்கெட்டோடு தடுக்கி விழுவார்.
அந்த இருநூறு உறுத்தியது.

கையில் மூவாயிரம் ரேண்ட்.
அதற்குள் வேண்டும்,
வானத்திலிருந்து நொடியை வாங்கி
கிரிஸ்டலின் காதைத் திருகும் ஒரு பெட்டி.

"ருபீடியம் வாங்கு" என்றார் வெலாயூதோம்.
"என்னிடம் இருப்பது அதுதான். மலை. அசையாது."
கழற்றிய டவரிலிருந்து வரும் விளக்கு அது.
எத்தனை வருடம் எரிந்தது, விற்பவனுக்கே தெரியாது.
மின்வெட்டு நாளில்
இன்வெர்டர் பேட்டரியை முறுக்குப்போல் கடித்துத் தின்னும்.

முந்நூறு ரேண்டுக்குக் கட்டைவிரல் அளவு மாட்யூல் உண்டு.
சராசரியில் சத்தியவான்,
ஒவ்வொரு துடிப்பிலும் நடுக்கம்.
பெருக்கினால் நடுக்கமும் பெருகும்:
குரலுக்கு அடியில் மணல் கொதிக்கும்.

நாமே பற்றவைக்கும் கிட் மலிவு,
சுங்கத்தில் ஏழு வாரம் தூங்கத் தயாரென்றால்.

கடைசியில் பைன்டவுன், ஒரு பெட்ரோல் பங்க்.
க்ரோப்லர் என்றொருவர் பக்கியின் கதவைத் திறந்தார்.
பழைய பெட்டி. இரண்டு சாக்கெட்.
ஒன்றில் பத்து. மற்றதில் நாம் கேட்பது.
இருபத்தைந்து தருமா? தரும்.
"தொட்டுப் பார்" என்றார்.
வெதுவெதுப்பு, அப்போதுதான் இறக்கிய இட்லித் தட்டுபோல.
வழியெல்லாம் லைட்டர் சாக்கெட்டில் செருகி,
கிரிஸ்டலைக் குளிர விடாமல் கொண்டுவந்திருக்கிறார்.
அதற்காகவே வாங்கினேன் என்று சொல்லலாம்.
இரண்டாயிரத்து அறுநூறு கேட்டார், இருநூறு குறைத்தார்,
ஆன்டெனாவைச் சும்மா தந்தார்.

"மணி எத்தனை காட்டுது?" என்றாள் பிரனேஷ்னி.
மணி காட்டாது.
"நொடியை நூறு கோடியாக வெட்டுமாம், மணி காட்டாதாம்."
கரண்ட் போய் வந்த மைக்ரோவேவில்
பன்னிரண்டும் இரண்டு பூஜ்யமும் மினுக்கிக்கொண்டிருந்தன.
"முதலில் இதைச் சரி செய்."
செய்தேன்.

மூன்றாம் நாள் குரங்குகள் கூரையேறி
ஆன்டெனா கேபிளைக் கடித்து ருசி பார்த்தன.
நான்கு மணி நேரம் வானம் இல்லாமலே
பெட்டி நினைவிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.
பிறகு இரும்புக் குழாய்க்குள் விட்டேன்.

ஞாயிறு. பச்சை விளக்கு.
வெலாயூதோம் எண் எதுவும் சொல்லவில்லை.
சேந்த்-ஆந்த்ரேயில் மழையாம்,
கரும்பு வெட்டுக்கு ஆள் இல்லையாம்,
மருமகனுக்கு லாரி ஓட்டத் தெரியாதாம்.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
அவர் குரல்
மெல்ல ஏறியது. நாற்பது, ஐம்பது.
ஒரு கணம் நின்றது.
மெல்ல இறங்கியது.

நான் அசையவில்லை. அசைய முடியாது.
தலைக்கு மேல் பதினொரு சாட்டிலைட் சாட்சி.
மலைதான் மூச்சு வாங்கியது.
விளக்கு அணையப்போகிறது போலும்.

இத்தனை வருட இருநூறுகளில்
வெயிலின் பங்கு எவ்வளவு, அவர் பங்கு எவ்வளவு?
இனிப் பிரிக்க முடியாது.

"இன்று கச்சிதமாக இருக்கிறாய், பூன்சாமி.
ருபீடியம்தானே?"

பொத்தானை அழுத்தினேன். விட்டேன். மறுபடி அழுத்தினேன்.
"பைன்டவுனில் வாங்கினேன்" என்றேன்.
"அந்த லாரி விஷயம், பிறகு என்ன ஆயிற்று?"

விரல் குமிழுக்குப் போனது.
அவர் ஏறினால் ஏற்றினேன், இறங்கினால் இறக்கினேன்,
விரற்கடை பிசகாமல்,
மருமகன் பள்ளத்திலிருந்து லாரியை எடுத்து முடிக்கும் வரை.